சிலம்பு யாருடையது? மணமுறிவும் உடைமையும்: கண்டியச் சட்டப் பனுவல்களும் தமிழ்க் காப்பிய மரபும்

சிலப்பதிகாரம் பற்றித் தமிழிலே தோன்றியுள்ள ஆய்வுகள் பெரும்பாலும் கற்பு, ஊழ், அரசநீதி என்னும் மூன்று அச்சுக்களிலேயே சுழன்று வந்துள்ளன. காப்பியத்தின் பதிகமே அம்மூன்றையும் சுட்டிவிடுவதால் ஆய்வாளர் அவற்றைக் கடந்து செல்லவேண்டிய தேவையை உணர்ந்திலர் போலும். ஆயினும் இது ஒரு பொருளின் பெயரையே தன் பெயராகக் கொண்ட காப்பியம். அப்பொருள் விலைமதிப்புள்ள ஓர் அணிகலன். அது விற்பனைக்கு எடுத்துச் செல்லப்படுகிறது, களவுப்பொருள் என்று குற்றஞ்சாட்டப்படுகிறது, அரசவையிலே வழக்குப்பொருளாகிறது. அது யாருடைய உடைமை என்னும் வினாவைத் திறனாய்வாளர் எழுப்பாது விட்டமை தற்செயலானதன்று. கணவன் மனைவியரிடையே உடைமை பற்றிய வினா எழுவதே இழிவு என்னும் கருத்துநிலை நம் இலக்கியக் கல்வியில் இன்றும் ஆட்சி செலுத்துகின்றது.

இவ்வினாவைக் கண்டியிலிருந்து எழுப்புவதற்குத் தனிப்பட்ட ஒரு நியாயமுண்டு. தலதா மாளிகைக்கு எதிரேயுள்ள தேவாலயங்களுள் ஒன்று பத்தினி தெய்வத்துக்குரியது. நாத, விட்டுணு, கதிர்காமத் தேவாலயங்களோடு சேர்ந்து எசலப் பெரகராவில் தன் ஊர்வலத்தைச் செலுத்தும் இத்தேவாலயத்தின் தெய்வம் நம் கண்ணகியே. கயவாகு மன்னன் கண்ணகி விழாவிலே கலந்துகொண்டான் என்று வஞ்சிக் காண்டம் கூறுவதும், சிங்கள மரபுக்கதைகள் அம்மன்னனைப் பத்தினி வழிபாட்டோடு தொடர்புபடுத்துவதும் யாவரும் அறிந்தவை. கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பெருநூல் இவ்வழிபாட்டின் சடங்குகளையும் பாடல்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளது. தேவியின் சிலம்பு அங்கே வழிபடுபொருள். ஆனால் அத்தேவாலயத்தைச் சூழவிருந்த கண்டிய நாட்டு மக்களோ, தென்னாசியாவிலேயே மணமுறிவை மிக எளிதாக ஏற்றுக்கொண்ட வழமைகளுள் ஒன்றின்படி வாழ்ந்தவர்கள். கைவிடப்பட்ட நிலையிலும் கணவனை விடாத பெண்ணைத் தெய்வமாக வணங்கியவர்கள், கணவனை விட்டு நீங்கிய தம் மகளை வீட்டுக்குள் ஏற்று மறுமணம் செய்துவைத்தனர். இம்முரண் வெறும் விந்தையன்று, விளக்கம் வேண்டிநிற்பது.

முதலில் நொக்ஸின் நூலை நோக்குவோம். 1660 முதல் 1679 வரை கண்டி அரசனின் கைதியாக மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் இலண்டனில் வெளியிட்ட வரலாறு, கண்டியக் குடும்ப வாழ்வு பற்றிய மிகப் பயனுள்ள நேரடிச் சான்றுகளுள் ஒன்று. ஆணும் பெண்ணும் மனம் ஒவ்வாதவிடத்து இழுக்கின்றிப் பிரிந்துவிடுவர் என்றும், மனநிறைவான ஒரு துணை அமையும்வரை நான்கு ஐந்து முறை மணப்பதுண்டு என்றும் அவர் எழுதியுள்ளார். இப்பகுதியே அடிக்கடி எடுத்தாளப்படுவது. எடுத்தாள்பவர்கள் இதிலே ஒழுக்கத் தளர்வைக் கண்டு நாணுகின்றனர், அல்லது பெண் விடுதலையைக் கண்டு மகிழ்கின்றனர். இரு சாராரும் அடுத்துவரும் செய்தியைக் கவனிப்பதில்லை. பெண்ணோடு கொடுக்கப்பட்ட மாடு, அடிமை, பணம் ஆகியவை பிரிவின்போது திருப்பிக் கொடுக்கப்படவேண்டும். பிள்ளைகள் இருப்பின் ஆண்மக்கள் தந்தைக்கும் பெண்மக்கள் தாய்க்கும் உரியர். நொக்ஸ் இங்கு விவரிப்பது ஓர் ஒழுங்கீனத்தை அன்று, ஒரு தீர்வுமுறையை. எங்கிருந்து வந்த சொத்தோ அங்கேயே அது திரும்புகிறது. உழைக்கும் கைகளான பிள்ளைகள் பங்கிடப்படுகின்றனர். மணபந்தம் ஆணுக்கு உறுதியானதாகவும் பெண்ணுக்கு அவ்வளவு உறுதியற்றதாகவும் இருந்தது என்னும் குறிப்பையும் அவரே தருகிறார். பழங்கண்டியைப் பெண்களின் பொற்காலமாக வருணிக்க முனைவோர் இதனை மறத்தலாகாது. அடிமைகளையும் சீதனமாகக் கொடுத்த சமூகம் அது என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

இத்தீர்வுமுறையின் அடித்தளத்தைக் கண்டிய வழமையின் இருவகை மணங்களிலே காணலாம். தீக மணத்திலே பெண் கணவன் வீட்டுக்குச் செல்கிறாள். செல்பவள் பொதுவாகத் தந்தைவழி நிலத்தில் தனக்குள்ள வழியுரிமையை இழக்கிறாள். பின்ன மணத்திலே கணவன் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். அவள் உரிமை குன்றுவதில்லை. பின்ன மணத்தில் வந்த கணவன் எந்நேரமும் ஒரு தீப்பந்தத்தையும் ஊன்றுகோலையும் தாளிப்பனை ஓலையையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டுமென்று ஒரு வழக்குரை உண்டு. இரவானாலும், நோயுற்றிருந்தாலும், மழை பெய்தாலும், போ என்று சொன்னதும் புறப்படவேண்டியவன் அவன். எள்ளலும் துயரமும் கலந்த இவ்வழக்குரை எந்தச் சட்ட விளக்கத்தையும்விடத் தெளிவானது. வெளியேற்றும் அதிகாரம் பாலிலிருந்து பிறப்பதில்லை, வீடும் வயலும் யாருடையனவோ அவரிடமிருந்தே பிறக்கின்றது என்பதை அது மூன்று பொருள்களிலே காட்டிவிடுகிறது. ஆண்மக்களில்லாத நிலவுடைமைக் குடும்பம், நிலமற்ற ஓர் இளைஞனை வயலில் உழைக்க வருவித்துக்கொள்ளும் ஏற்பாடாகப் பின்னம் அமைந்தவிடங்களில், கணவனின் நிலை ஒரு வாரக்குடியானின் நிலையினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. தீகத்திலே மனைவியின் நிலையும் அதுவே. அவளுக்குத் தீப்பந்தம் பற்றிய வழக்குரை தோன்றாமைக்குக் காரணம், அவளுக்குத் திரும்பிச் செல்ல ஒரு தாய்வீடு, சிங்களத்தில் முல்கெதர எனப்படும் மூலவீடு, இருந்தமையே.

இந்த இருவகைப் பாகுபாட்டைக் கையிலேந்தித் தமிழ்க் காப்பியங்களுக்குத் திரும்பினால் அங்கு காணக்கிடைப்பவை வியப்பூட்டுவன. காரைக்காலம்மையார் கதையை எடுத்துக்கொள்வோம். சேக்கிழார் கூறும் கதையின்படி காரைக்கால் வணிகன் தனதத்தன், ஒரே மகளாகிய புனிதவதியை நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு மணம் முடிக்கிறான். மணம் முடித்தபின் மகளை நாகைக்கு அனுப்ப அவன் இசையவில்லை. தன் இல்லத்தின் மருங்கிலேயே தனிமனை அமைத்து, பெரும்பொருளும் கொடுத்து, மருமகனை அங்கேயே இருத்துகிறான். கண்டியக் கிராமத்தவர் எவரிடமும் இதைச் சொன்னால் தயக்கமின்றிப் பின்னம் என்றே பெயரிடுவார். மாங்கனி நிகழ்ச்சிக்குப் பின் அஞ்சிய பரமதத்தன் கலம் ஏறி வாணிபஞ் செய்யப் போவதாகக் கூறிச் சென்று, பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறு மணம் செய்து குடியேறிவிடுகிறான். சுற்றத்தார் புனிதவதியை அங்கே அழைத்துச் செல்ல, அவன் இரண்டாம் மனைவியோடும் மகளோடும் வந்து அவள் காலில் விழுகிறான். அவள் தசையை உதறிப் பேய்வடிவு வேண்டுகிறாள்.

சைவ மரபு இதனைத் துறவின் உச்சமாகக் கொண்டாடும். அக்கொண்டாட்டத்தின் பக்தி உண்மையை மறுப்பது நம் நோக்கமன்று. ஆனால் பரமதத்தன் கையாண்ட பெரும்பொருள் என்னவாயிற்று? அம்மையாரின் காரைக்கால் மனை யார் வசமாயிற்று? தந்தையின் ஒரே மகளாய், தன் வீட்டிலேயே இருந்தவளாய், அவள் கணவனை விட்டுத் தன் உடைமையோடு வாழ்ந்திருக்கக்கூடிய பொருளாதாரச் சாத்தியம் கதைக்குள்ளேயே இருக்கின்றது. கண்டிய வழமையில் அவள் செய்திருக்கக்கூடியது அதுவே. காப்பியம் அச்சாத்தியத்தைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. சுற்றத்தார் அவளை அழைத்துச் செல்வது கணவனிடம் ஒப்படைப்பதற்கு. உரியதைக் கேட்டுப் பெறுவதற்கன்று. மணமுறிவு என்னும் சமூக நிகழ்ச்சிக்குச் சொல் இல்லாத ஒரு கருத்துநிலை, கைவிடப்பட்ட பெண்ணுக்கு இரண்டே வழிகளை விட்டுவைத்தது: தெய்வமாதல், பேயாதல். காரைக்காலம்மையார் இரண்டுமானார்.

கண்ணகியின் நிலை இதற்கு மறுதலை. அவள் கோவலன் குடும்பத்தினர் அமைத்துக் கொடுத்த தனிமனைக்குச் செல்பவள். கண்டியச் சொல்லில் தீகம் சென்றவள். கணவன் மாதவியிடம் சென்றபின்னும் தந்தை மாநாய்கன் வீட்டுக்கு அவள் திரும்பவில்லை. அவளிடம் வந்து ஆறுதல் கூறும் தேவந்தியும் கணவனால் விடப்பட்டவளே. கணவனை மீட்க அவள் சொல்லும் பரிகாரம் இரு குளங்களில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதல். அது பெருமையன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். கைவிடப்பட்ட இரு பெண்கள் தனித்துப் பேசும் இக்காட்சியில் பொருள்வாழ்வு பற்றி ஒரு சொல்லுமில்லை என்பது குறிப்பிடத்தக்கது. இத்தனைக்கும் மாதவியின் மாலைக்கு 1008 கழஞ்சு பொன் கொடுத்தவன் கோவலன் என்று கணக்குச் சொல்லும் காப்பியம் இது. கணிகையின் விலை கழஞ்சுக் கணக்கிலே தரப்பட்டிருக்கிறது. மனைவியின் உரிமைக்கு அளவை இல்லை.

பொருளிழந்து நாணித் திரும்பும் கோவலன், அவ்விழப்பைத் தான் நாணுவதாகக் கூறும்போது, கண்ணகி சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அவன் விடையில்தான் வணிகக் காப்பியத்தின் உயிர்நாடி இருக்கிறது: அச்சிலம்பை முதலாகக்கொண்டு இழந்ததை ஈட்டுவேன் என்கிறான். மனைவியின் அணிகலன் ஒரு நொடியில் கணவனின் வாணிப முதலாக மாறிவிடுகிறது. அவள் கொடையும் அவன் எடுப்பும் ஒரே அன்பின் இரு பக்கங்களாகச் சித்திரிக்கப்படுவதால் இம்மாற்றம் நம் கண்ணுக்குப் படுவதில்லை. மதுரை அவையிலே எழும் வழக்கையும் நோக்குக. அங்கு கண்ணகி தன்னை அறிமுகஞ் செய்வது மாசாத்துவான் மகன் கோவலனின் மனைவியாகவே. பிறந்தகத்தின் பெயர் வரவில்லை. வழக்கின் வினா, சிலம்பு அரசிக்கு உரியதா கண்ணகிக்கு உரியதா என்பது. பரல் முத்தா மாணிக்கமா என்று உடைத்துக் காட்டி அவள் வெல்கிறாள். அரசு மனையின் உடைமைக்கு எதிராக ஒரு குடிப்பெண் தன் உடைமையை மெய்ப்பிக்கும் இக்காட்சியின் ஆற்றல் மங்காதது. ஆயினும் அவள் வென்ற உடைமை, கணவன் உயிரோடு இருந்திருந்தால் அவன் கையிலே விற்பனைப் பொருளாய் முடிந்திருக்கும். அரசனுக்கு எதிரே அவளுக்குச் சொத்துரிமை உண்டு. கணவனுக்கு எதிரே அவ்வினாவே எழுவதில்லை. வணிக வர்க்கம் அரசிடம் கேட்ட நீதி இது, தன் இல்லத்துக்குள் அது கொடுத்த நீதியன்று.

கண்டியிலே பத்தினியை வணங்கியோர் காப்பியத்தின் இக்கருத்துநிலையை முழுதாக ஏற்றனர் என்று கொள்வதற்கில்லை. அங்கு பத்தினி மழைக்கும் விளைவுக்கும் நோய்நீக்கத்துக்கும் உரிய தெய்வம், நெல்வயலின் தெய்வம். வழிபடுவோரின் உற்பத்தி வாழ்வே தெய்வத்தின் தன்மையையும் தீர்மானித்தது. தேவாலயமோ தன்னளவில் ஒரு நிலவுடைமையாளர். தேவாலகம் எனப்படும் கிராமங்களின் குடிகள் நிலத்துக்கு ஈடாகத் தேவாலயத்துக்கு ஊழியஞ் செய்தனர். தன் சிலம்பின்மீது தனக்கிருந்த உரிமையைப் புகாரிலே கேட்டறியாத பெண், கண்டியிலே குடிகளுள்ள நிலக்கிழத்தியாக அமர்ந்திருப்பது வரலாற்றின் நகைச்சுவைகளுள் ஒன்று.

இனி ஆங்கிலேயர் காலச் சட்டப் பனுவல்களைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம். சட்டமும் ஒரு பனுவலே. அதன் நடையிலும் சொற்றேர்விலும் வர்க்க நலன் பதிந்திருக்கும். 1815 உடன்படிக்கை கண்டிய வழமைகளைப் பேணுவதாக உறுதி கூறிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்குரியன என்று கொண்டு, கோப்பித் தோட்டங்களுக்கு வழி திறந்தது. நிலம் சந்தைப்பொருளானதும் யார் யாருக்கு வழித்தோன்றல் என்பது எழுத்திலே தெரியவேண்டிய செய்தியாயிற்று. 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் பல கணவர் மணத்தைத் தடுத்து, பதிவைக் கட்டாயமாக்கி, மணநீக்கத்தை இறுக்கியது. பிரதானிகள் சிலரும் இதனை விரும்பினர் என்பது அறியப்பட்டதே. ஆங்கில ஒழுக்கவியலும் பிரதானிகளின் சொத்துக் கவலையும் இவ்விடத்தில் கைகோத்தன. மக்களோ பெருமளவில் பதிவை ஒதுக்கிவிட்டு முன்போலவே கூடியும் பிரிந்தும் வாழ்ந்தனர். விளைவாகச் சட்டத்தின் கண்ணில் பிள்ளைகள் முறைகேடான பிறப்பினராயினர். 1870இல் சட்டம் பின்வாங்கவேண்டியதாயிற்று. அவ்வாண்டின் 3ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இருவர் சம்மதத்தோடும், ஓராண்டுப் பிரிவினால் புலப்படும் இணங்கா வாழ்வைக் காரணங்காட்டியும் மணநீக்கம் பெற இடமளித்தது. அதற்கடுத்த 4ஆம் இலக்கச் சட்டம் தேவாலய, விகாரை நிலங்களின் ஊழியக் குடிமை பற்றியது. படுக்கையும் வயலும் ஒரே ஆண்டில் அடுத்தடுத்த இலக்கங்களில் ஒழுங்குபடுத்தப்பட்டமை சட்டவாக்கத்தின் தர்க்கத்தை உணர்த்தும்.

இவற்றுள் மிகவும் கூர்ந்து வாசிக்கத்தக்கது 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கண்டியச் சட்டத் திருத்தம். பழைய வழமையிலே தீகம் சென்ற பெண் திரும்பி வந்து மூலவீட்டில் ஏற்கப்பட்டால், அல்லது அங்கிருந்தே பின்னமாக மறுமணம் செய்தால், இழந்த உரிமையை மீளப் பெறும் வழி இருந்தது. எங்கு வாழ்கிறாள், அங்குள்ளோர் அவளை எவ்வாறு நடத்துகின்றனர் என்பவை உரிமையைத் தீர்மானித்தன. 1938இன் வாசகம் இதனை மறுத்தது. மணம் எவ்வகையாகச் செய்யப்பட்டதோ, அது நீக்கப்படும்வரை அவ்வகையாகவே தொடரும். மணத்தின்பின் எவரும் இருப்பிடம் மாறுவதோ எவரும் எவ்வாறு நடந்துகொள்வதோ தீகத்தைப் பின்னமாக்காது. பதிவேட்டில் வகை குறிக்கப்படாவிடின் தீகம் என்றே ஊகிக்கப்படும் என்னும் விதியையும் இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும். வாழ்க்கையின் இடத்தில் பதிவேடு வந்தமர்ந்தது. சட்டத் தெளிவு என்னும் பெயரில், கணவன் வீட்டை விட்டு வந்தவளைத் தாய்வீடு மீள உரித்தாளியாக்கிக்கொள்ளும் நெகிழ்ச்சி பறிபோயிற்று. ஊக விதியின் சாய்வு எப்பக்கம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகநீக்கச் சட்டமும் இவ்வழியிலேயே வந்தது. நீதிமன்றம் செல்லாது மாவட்டப் பதிவாளர் முன்னிலையில் மணநீக்கம் பெறலாம்; இருவர் சம்மதமும் ஒரு காரணம். ஏனைய இலங்கையர் இன்றும் பெறாத வசதி இது. ஆனால் காரணங்களின் பட்டியலை ஒப்பிட்டு வாசித்தால் சமனின்மை தெற்றெனப் புலப்படும். மனைவியின் பிறழ்வு தன்னளவிலேயே காரணம். கணவனின் பிறழ்வோ, தகாவுறவோ கொடுமையோ உடன்சேர்ந்தாலன்றிக் காரணமாகாது. மனைவியின் தாபரிப்புக்குக் கட்டளையிட இடம் வைக்கப்பட்டுள்ளது. கூடி உழைத்துச் சேர்த்ததைப் பங்கிடும் எண்ணக்கரு மட்டும் கண்டியச் சட்டத்திலே இல்லை. கணவனுடையது கணவனுக்கு, மனைவியுடையது மனைவிக்கு.

நொக்ஸ் காலத்திலும் அவ்வாறுதானே என்று வினவலாம். அன்று அப்பிரிவினைக்குப் பொருளிருந்தது. பெண்ணின் பங்கு என்பது மூலவீடும் வயலும் மாடும். கணவன் எதுவும் கொடாமலேயே அவள் சென்று வாழ ஓரிடம் இருந்தது. 1957இல் பேராதனையிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் சார்க்கரும் தம்பையாவும் வெளியிட்ட பாததும்பறைக் கிராமங்களின் ஆய்வுக்குச் சிதைந்துவரும் கிராமம் என்று பொருள்படும் தலைப்பே இடப்பட்டது. கண்டியிலிருந்து சில கல் தொலைவிலுள்ள அக்கிராமங்களில் நிலமின்மையும் துண்டாடலும் எவ்வளவுக்கு முற்றியிருந்தன என்பதை அந்நூல் காட்டுகிறது. திரும்பிவரும் மகளுக்குக் கொடுக்க வீட்டிலே ஒன்றுமில்லாதபோது, எளிதான மணநீக்கம் யாருக்கு எளிது? இந்நிலையிலேதான் கணவனிடமிருந்து மாதந்தோறும் வரவேண்டிய தாபரிப்புப் பணம் பெண்ணின் ஒரே உரிமைக்கோரிக்கையாக எஞ்சுகிறது. தாபரிப்பு ஆணின் பெருந்தன்மையாலோ சட்டத்தின் கருணையாலோ தோன்றியதன்று. நிலத்தின்மீது பெண்ணுக்கிருந்த பிடி தளர்ந்ததன் மறுபக்கம் அது.

இச்சிக்கல் கண்டிக்கு மட்டும் உரியதன்று. சோவியத் அரசு 1918இல் இயற்றிய குடும்பச் சட்டக்கோவை மணநீக்கத்தை மிக எளிதாக்கியதோடு கணவன் மனைவியரின் சொத்தைத் தனித்தனியாகவும் வைத்தது. பெண்ணைக் கணவனின் பிடியிலிருந்து விடுவிப்பதே நோக்கம். நடைமுறையிலோ வீட்டுவேலையிலேயே காலங்கழித்த பெண் வெறுங்கையோடு வெளியேறினாள். 1926ஆம் ஆண்டின் சட்டக்கோவை மணவாழ்விற் சேர்த்த சொத்தை இருவருக்கும் பொதுவாக்கியது இவ்வனுபவத்தின் பின்னரே. பின்னர் 1936இலும் 1944இலும் மணநீக்கம் கடினமாக்கப்பட்டமை வேறு கதை. அதனை முற்போக்காளர் நியாயப்படுத்தவேண்டிய கடப்பாடு இல்லை. எங்கெல்ஸ் 1884இல் சுட்டிய கருத்து இங்கு பொருந்தும்: தொழிலொப்பந்தத்தைப் போலவே மணவொப்பந்தத்திலும் சட்டம் இரு சமமானவர்களைக் காண்கிறது, அவர்கள் எந்நிலையிலிருந்து ஒப்பமிட வந்தனர் என்பதைக் காண மறுக்கிறது.

கண்டியைச் சூழ்ந்த மலைகளில், அந்தானையிலும் கலகாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும், தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளரிடம் வருவோம். கண்டி மண்ணிலே தலைமுறைகளாக வாழ்ந்தாலும் கண்டியச் சட்டம் இவர்களுக்கில்லை. தமிழராயினும் தேசவழமை இவர்களுக்கில்லை. 1707இல் ஒல்லாந்தரால் தொகுப்பிக்கப்பட்ட அச்சட்டம் வடமாகாணத் தமிழருக்கே உரியது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று தேசவழமை சொத்தை வகுத்து, மணவாழ்விலே தேடியதில் இருவருக்கும் பங்குண்டு என்று கொண்ட பழைய கொள்கை, கூலியே தேட்டமாகக்கொண்ட மக்களுக்கு எட்டவில்லை. அவர்களுக்குரியது பொதுச்சட்டம்: 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம். பிறழ்வு, வன்மமான கைவிடல், மணக்காலத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது அதையொத்த குறை ஆகியவற்றுள் ஒன்றை மாவட்ட நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாலன்றி மணம் நீங்காது. பதிவாளர் அலுவலகத்தில் முடியும் சிங்களக் குடியானவனின் காரியம், அடுத்த மலையிலுள்ள தமிழ்த் தொழிலாளிக்குச் சட்டத்தரணியும் தவணையும் சம்பள இழப்புமாக நீள்கிறது.

இதனால் தோட்டங்களிலே மணமுறிவு நிகழவில்லை என்பதில்லை. தலைவர் முன்னிலையிலும் கோயிலடியிலும் பெரியவர்கள் கூடித் தீர்த்துவிடுவது வழக்கம். தமிழ்நாட்டின் உழைக்கும் சாதியாரிடையே நெடுங்காலமாக இருந்த இவ்வழக்கத்துக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: அறுத்துக்கட்டுதல். அச்சொல்லை அடைமொழியாக்கி, அறுத்துக்கட்டுகிற சாதி என்று இழித்துரைப்பதும் தமிழிலேயே உண்டு. கண்டியரின் மணமுறிவை நொக்ஸின் பக்கங்களிலே படித்து முகஞ்சுளித்த நம் கற்றோர், தம் மொழியின் உழைக்கும் மக்களிடத்தும் அதே வழமை இருந்ததைக் கணக்கிலெடுக்கவில்லை. 1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணின் சொத்துரிமையையும் மணத்தை நீக்கும் உரிமையையும் ஒருசேரக் கோரித் தீர்மானித்தபோது, அவ்விரண்டும் பிரிக்கமுடியாதவை என்பதை உணர்ந்திருந்தது. நம் இலக்கிய மரபு அவ்விணைப்பை இன்றும் செய்யவில்லை.

நீதிமன்றம் வரை செல்லும் பெண்ணுக்குச் சட்டம் என்ன வைத்திருக்கிறது? குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவின்கீழ், மணநீக்கத் தீர்ப்போடு ஆதனத்தை மாற்றிக்கொடுக்குமாறோ, ஒரு தொகையையோ காலந்தோறும் பணத்தையோ செலுத்துமாறோ நீதிபதி கட்டளையிடலாம். இது நீதிபதியின் தற்றுணிபு. பாதிப் பங்கு என்னும் உரிமையன்று. மணவாழ்வு தொடரும் காலத்தில் தாபரிப்புக் கோர நீதவான் நீதிமன்றம் உண்டு. 1889ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச்சட்டம் மனைவிக்கும் பிள்ளைக்கும் மட்டும் இவ்வுரிமையைக் கொடுத்தது. அதனை நீக்கிவந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம், கணவன் மனைவி என்று பாராது வாழ்க்கைத்துணை என்று பொதுப்பட உரைக்கிறது. முற்போக்கான திருத்தமென்று இது வரவேற்கப்பட்டது. ஒருவகையில் அது சரியே. ஆனால் பழைய வாசகம், தன்னைத்தான் பேண இயலாமை என்னும் நிபந்தனையைப் பிள்ளைமேல் வைத்தது, மனைவிமேல் வைக்கவில்லை. புதிய வாசகம் அந்நிபந்தனையைத் துணைமேலும் வைத்துவிட்டது. நாட்கூலி பெறும் கொழுந்து பறிப்பவள் தன்னைப் பேண இயலாதவளா? அவள் கூடையே அவளுக்கு எதிர்ச்சாட்சியாகிறது. சமத்துவம் என்னும் சொல், சமமற்றோர் இருவர்மீது ஒரே அளவில் போர்த்தப்பட்டால் என்ன நிகழும் என்பதற்கு இவ்வொரு நிபந்தனை போதிய சான்று.

அக்கூலியின் வரலாற்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1984 வரை தோட்டங்களிலே பெண்ணின் நாட்கூலி ஆணுடையதிலும் குறைவு. சமப்படுத்தப்பட்ட பின்னரும் மனைவியின் சம்பளத்தைக் கணவனே கைநீட்டி வாங்கும் வழக்கம் பரவலாக நிலைத்தது. தேட்டம் அவளுடையது, கை அவனுடையது. கண்ணகியின் சிலம்பு கோவலனின் முதலாவதைப் போன்றே இதுவும் குடும்ப ஒற்றுமை என்னும் பெயரால் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது. மணம் முறியும்போது பங்கிட எஞ்சியிருப்பவை சில நகைகள், பாத்திரங்கள், ஆடுமாடு, அவரவர் பெயரிலுள்ள சேமலாப நிதி. லயக் காம்பிராவைப் பங்கிட முடியாது. அது இருவர் உடைமையுமன்று. வேலைக்கு ஈடாகத் தோட்டம் விட்டுவைத்த இடம். ஆதனத்தை மாற்றிக்கொடுக்குமாறு 615ஆம் பிரிவு கணவனுக்குக் கட்டளையிடலாம். மாற்றிக் கொடுப்பதற்கு அவனிடமும் ஆதனமில்லை. கண்டியப் பெண்ணுக்கு ஒருகாலத்தில் மூலவீடு இருந்தது. இவளுடைய தாய்வீடோ அதே தோட்டத்தில் அல்லது அடுத்த தோட்டத்தில் உள்ள இன்னொரு காம்பிரா. அங்கே அண்ணனும் அவன் குடும்பமும் ஏற்கெனவே நெருங்கிப் படுத்திருப்பர். எனவே முறிந்த மணமும் முறியாததுபோல் ஒரே கூரையின்கீழ் தொடர்கிறது. இதனைக் கற்பு என்று பாராட்டும் எழுத்தாளர், காம்பிராவின் நீள அகலத்தை அளந்து பார்ப்பது நன்று.

மலையகப் புனைகதை இவ்வாழ்வின் பல கூறுகளை வலிமையோடு பதிவு செய்திருக்கிறது. கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை, சி. வி. வேலுப்பிள்ளையின் வீடற்றவன் முதலியவை குடியேற்றத்தையும் வீடின்மையையும் பேசின. வீடற்றவன் என்னும் தலைப்பு ஆண்பாலில் அமைந்திருப்பதை மொழி வழக்காகக் கொண்டு விட்டுவிடலாம்; விட்டுவிடாது நோக்கவும் இடமுண்டு. என். எஸ். எம். இராமையாவின் ஒரு கூடைக் கொழுந்து, கொழுந்தின் நிறையையே ஒரு பெண்ணின் நேர்மைக்கு உரைகல்லாக்கிய அரிய படைப்பு. உழைப்பின் அளவும் பெண்ணின் மானமும் ஒரே தராசில் ஏறுவதைத் தமிழிலே அவ்வளவு செறிவாகக் காட்டிய கதைகள் சிலவே. நிறுத்து முடிந்த கொழுந்து பேரேட்டிலே அவள் பெயருக்கு எதிரே ஏறுகிறது. சம்பள நாளில் அப்பணம் யார் கைக்குப் போகிறது, வீடு இரண்டானால் அது எவ்வாறு இரண்டாகிறது என்னும் இடத்திற்கு நம் கதைகள் இன்னும் வந்து சேரவில்லை. குடிகாரக் கணவனும் பொறுமையுள்ள மனைவியும் வருகின்றனர். தாபரிப்பு வழக்குக்காகக் கண்டி நீதிமன்ற விறாந்தையில் பிள்ளையோடு தவணைக்குத் தவணை வந்து நிற்கும் பெண் மிக அரிதாகவே வருகிறாள். அவளுடைய மணம் பதியப்படாததாயின் முதலில் தான் மனைவி என்பதை அவள் மெய்ப்பிக்கவேண்டும். பரலை உடைத்துக் காட்ட அவளிடம் சிலம்பும் இல்லை. தாலிகட்டின நாளைச் சொல்லக்கூடிய இரண்டு அயலவரைத் தேடி, அவர்கள் ஒருநாள் பேர் இழப்பதற்கு ஈடும் கொடுத்து, பஸ்ஸில் அழைத்துவருகிறாள்.